இன்னும் விழிக்கவில்லை

"தூங்குதும்மா, அவ்வளவுதான். எந்திரிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் பத்மநாபன் போய் வெகுநேரமாகிவிட்டது. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் போகாமல் சாந்தாமணியின் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தது. தூங்குகிறது. எது தூங்குகிறது? முந்தாநாள் அவளுடைய வலது அடிவயிற்றில் வைத்துத் தைத்த கிட்னி. யாரென்று தெரியாத ஒருவருக்குள் இருந்து, அவர் மூளைச்சாவு அடைந்த பிறகு, ஐஸ் பெட்டியில் ஊர்விட்டு ஊர் வந்து, இப்போது இந்தக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியின் தனியறையில் அவளோடு மல்லாந்து கிடக்கிறது. தூங்கட்டும் என்று விட்டுவிட முடியவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால், அவர் எழுந்திருக்கும்வரை பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைக்க வேண்டியிருக்குமே, அப்படி அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலின் இடது பக்கம் ஒரு பை தொங்கியது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். கழுத்தில் ஊசிக்குழாய். திருப்பினால் இழுக்கும். இருந்தாலும் திருப்பினாள். பை தட்டையாக இருந்தது. குழாயின் வளைவில் காலையிலிருந்து செம்மண் தண்ணீர்போல ஒரு சொட்டு நின்றுகொண்டிருந்தது. அது கீழேயும் இறங்கவில்லை, மேலிருந்து வந்து அதைத் தள்ளவும் ஒன்றுமில்லை. நான்கு வருஷமாக அவளுக்கு மூத்திரம் வந்ததில்லை. வராமலே பழகி, அது வருவது எப்படியிருக்கும் என்பதே உடம்புக்கு மறந்துபோயிருந்தது. எப்போதாவது கனவில் வரும். கனவில் பஸ் ஸ்டாண்டில் அடக்கிக்கொண்டு நிற்பாள், முட்டிக்கொண்டு வரும், அந்த அவஸ்தையிலேயே ஒரு சந்தோஷம் இருக்கும், விழித்தால் ஒன்றுமிருக்காது. உலகத்தில் யாராவது இதற்காக ஏங்குவார்களா என்று நினைத்தாள். டயாலிசிஸ் நாற்காலிகளில் வரிசையாகப் படுத்திருக்கும் எல்லோரும் ஏங்குவார்கள். அங்கே யாரும் அதை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அறைக்குள் வருகிறவர்கள் எல்லோரும் முகமூடி போட்டிருந்தார்கள். தொற்று வந்துவிடக் கூடாதாம். அதனால் மூன்று நாளாக அவள் மனிதர்களைப் புருவத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டாள். அது அவளுக்குக் கஷ்டமில்லை. பொள்ளாச்சியில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். பெயர்ப்பலகையில் 'ஷாலினி' என்றுதான் போட்டிருந்தது, சாந்தாமணி என்று போட்டால் எந்தக் கல்யாணப்பெண் உள்ளே வருவாள்? பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு அவள் சீர்படுத்தாத புருவம் அந்தத் தெருவில் இல்லை. பகல் வேளை நர்ஸ் லிஜிக்கு அடர்த்தியான மலையாளப் புருவம், நடுவில் சேர்ந்தது, இதுவரை நூல் படாதது. டாக்டருக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு, அங்கே முடி முளைப்பதில்லை. மயக்கமருந்து கொடுத்த அம்மாளின் புருவத்தை யாரோ அவசரத்தில் கெடுத்து வைத்திருந்தார்கள். நினைவு தப்புவதற்கு முன்னால் கடைசியாகப் பார்த்தது அதைத்தான். ஒன்று மேலே ஒன்று கீழே. இந்த அம்மாளை உட்காரவைத்து ஐந்து நிமிஷத்தில் சரிபண்ணிவிடலாமே என்று நினைத்துக்கொண்டே மயங்கிப்போனாள். நினைவு திரும்பியபோது முதலில் வலித்தது வயிறு இல்லை, தோள்பட்டை. உள்ளே காற்று ஏற்றித்தான் வேலை செய்வார்களாம், அந்தக் காற்று போகிறவரை தோள் கடுக்குமாம். வயிற்றில் தையல் போட்டால் தோள் ஏன் வலிக்க வேண்டும்? ஒரு இடத்தில் கைவைத்தால் இன்னொரு இடத்தில் வலிக்கும்படியாகத்தான் மனுஷ உடம்பையே செய்திருக்கிறது. இப்போதும் கடுத்தது. யாராவது அந்தத் தோளைக் கொஞ்சம் அமுக்கிவிட்டால் தேவலை. யாரிடம் கேட்பது? லிஜி ஓரமாக உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். கேட்டால் அமுக்கிவிடுவாள். ஆனால் கையுறை போட்டுக்கொண்டுதான். கையுறை போட்ட கை படுவதற்குச் சும்மா இருப்பதே மேல். எத்தனை பேருடைய கன்னத்தையும் கழுத்தையும் தலையையும் இந்தக் கைகள் அமுக்கிவிட்டிருக்கின்றன. கண்ணை மூடி அப்படியே தூங்கிப்போவார்கள். அவளை யார் தொட்டார்கள்? டயாலிசிஸ் டெக்னீசியன் தொடுவான், ஊசி குத்த. அதற்கு முன்னால்? யோசித்துப் பார்த்து விட்டுவிட்டாள்.

ரோபோவும் தொட்டிருக்கிறது. ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது அதைப் பார்த்தாள். நான்கு கைகளும் கண்ணாடித்தாளால் சுற்றி, இறக்கி வைத்துப் பிரிக்காத புது ஃபிரிட்ஜ்போல நின்றது. பயமாக இல்லை. மூலையில் ஒரு பெட்டி, அதற்குள் முகத்தை விட்டுக்கொண்டு டாக்டர் உட்காருவாராம். "அப்ப நீங்க என்னையத் தொடவே மாட்டீங்களாங் டாக்டர்?" என்று முதல்நாளே கேட்டிருந்தாள். அவர் சிரித்தார். "உள்ள போறது அதோட விரலும்மா. ஆட்டறது நான்தான். என் கை உள்ள போகணும்னா பெருசாக் கிழிக்கணும், உங்க உடம்புக்கு அந்தக் காயம் சீக்கிரத்துல ஆறாது." உங்க உடம்புக்கு. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். வேறு ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லவில்லை. "இவ்வளவு குண்டா இருந்தா எந்த சர்ஜனும்மா தொடுவான்? இளைச்சுட்டு வாங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினார்கள். அவள் இளைத்தாள். தண்ணீரையே அளந்து குடிக்கிறவளுக்கு இளைப்பது பெரிய காரியமா? பொள்ளாச்சியில் பிறந்துவிட்டு இளநீர் ஒரு வாய் குடிக்கக் கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும். சாலையோரம் குலைகுலையாகச் சாய்த்து வைத்திருப்பதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். இளைத்தும் போதாது என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஊஞ்சல் அறுந்ததிலிருந்து அவளுடைய உடம்பு எல்லோருக்கும் பேசுபொருள். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத் தட்டைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி மூன்று நான்கு முறை ஆனபிறகு அவளே போதுமென்று சொல்லிவிட்டு அடுத்தவர்களைக் கல்யாணப்பெண்ணாக்குகிற வேலையை எடுத்துக்கொண்டாள். இந்த டாக்டர்தான், ரோபோ வைத்துச் செய்யலாம், குண்டாக இருப்பவர்களுக்குத்தான் அது ரொம்ப உபயோகம் என்றார். சின்னச் சின்னத் துளை, தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கீறல், அதன் வழியாகக் கிட்னியை உள்ளே விடுவோம் என்றார். அதைச் சொல்லிவிட்டு உடனே கேட்டார், "குடுக்கறதுக்கு வீட்ல யாராச்சும் இருக்காங்களா?"

இருந்தான். கனகராசு. அவளுக்கு நான்கு வயது இளையவன், ஒரே தம்பி. வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். கழுத்தைத் திருப்பிப் பையைப் பார்த்தாள். சொட்டு அங்கேயே நின்றது. பரிசோதனை எல்லாம் பொருந்திவந்தபோது அவன்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். டயாலிசிஸ் அறைக்கு வந்து பக்கத்து நாற்காலிக்காரர்களிடமெல்லாம், "என்ற கிட்னி ரெண்டுல ஒண்ணு அக்காளுக்கு, கடவுள் ரெண்டு குடுத்ததே அதுக்குத்தானுங்" என்று சட்டையைத் தூக்கி விலாவைத் தட்டிக் காட்டுவான். அவர்கள் அவளைப் பொறாமையோடு பார்ப்பார்கள். அந்த நாட்களில் அவள் நடையே மாறியிருந்தது. அப்புறம் அந்தக் கமிட்டி நாள். உயிரோடிருப்பவர் கொடுப்பதென்றால் ஒரு குழு உட்கார்ந்து, யாரும் வற்புறுத்தவில்லையே, மனதாரத்தான் கொடுக்கிறீர்களா என்று கேட்கும். அவள் பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். எதற்குப் பட்டு என்று அவளுக்கே தெரியவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள். "தம்பி வந்துட்டிருக்கறானுங்" என்றாள். மறுபடி கூப்பிட்டார்கள். அவனுடைய போன் அணைந்திருந்தது. அவன் மனைவி சுகுணாவின் போன் அடித்தது, எடுத்தாள், "அவுரு வெளிய போயிருக்காருங்கக்கா" என்றாள். பின்னால் அவனுடைய இருமல் கேட்டது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்த வறட்டிருமல், பயந்தால் வரும். "சரி சுகுணா, வந்தாச் சொல்லு" என்று வைத்தாள். குழுவில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். பியூன் வந்து ஒவ்வொரு ஃபேனாக நிறுத்தினான். அவள் தலைக்கு மேலே இருந்ததைக் கடைசியாக நிறுத்தினான். அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவன் வந்து காலில் விழுந்திருந்தால்கூட, "பயமா இருக்குதுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட, விடுடா என்று சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாளா? சொல்லியிருப்பாள் என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாரியம்மன் தேர் அன்றைக்குக் கூட்டத்தில் எதிரே வந்தான். அவளைப் பார்த்ததும் குனிந்து வண்டியின் செயினை என்னவோ செய்ய ஆரம்பித்தான். செயினில் ஒன்றுமில்லை. அவள் தாண்டிப் போகிறவரை அவன் நிமிரவில்லை. வண்டி எண்ணெய் அவனுடைய வெள்ளை வேட்டியில் தடவிக்கொண்டது. துவைத்தாலும் போகாதே என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது, அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"அம்மா, தண்ணி வேணுமா? கொஞ்சமாத் தரலாம்." லிஜி எழுந்து வந்திருந்தாள். ஒரு மூடி அளவு தண்ணீர். அதை வாயில் வைத்து நாக்குக்கு அடியிலும் கன்னத்திலும் சுற்றவிட்டு மெதுவாக விழுங்கினாள். "சிஸ்டர், இது யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" "ஐயோ, அது எங்களுக்கே சொல்ல மாட்டாங்கம்மா." "ஆணா பொண்ணான்னாச்சும்?" லிஜி தலையை ஆட்டினாள். புருவம் இரண்டும் சேர்ந்து ஒரே கோடாயிற்று. "அது எந்திரிக்கட்டும், அத மட்டும் நினைங்க." போய் உட்கார்ந்துகொண்டாள். எதை மட்டும் நினைப்பது? நினைப்பை யாராவது குழாய் போட்டு ஒரே பக்கமாக விட முடியுமா? பெண்ணாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. காரணம் ஒன்றுமில்லை. ஒரு தடவை மரப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். அவளிடம் நிச்சயதார்த்தத்துக்கு மேக்கப் போட்டுக்கொண்ட பெண், வண்டியிலிருந்து விழுந்து இறந்துபோயிருந்தது. கல்யாணத்துக்கு அக்காகிட்டத்தான் போட்டுக்குவேன்னு சொல்லிட்டிருந்தா, வந்து போட்டுவிடுங்க என்று அந்தப் பெண்ணின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் போனாள். பவுடர் ஒட்டவில்லை. முகத்தில் சூடு இருந்தால்தான் பூச்சு எல்லாம் உள்ளே இறங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தோல் சில்லென்று, பளிங்குத் தரை மாதிரி. விரல் நுனியிலிருந்து அந்தச் சில்லிப்பு போக நாலைந்து நாளாயிற்று. இதுவும் ஐஸில்தானே வந்தது? உள்ளே வைத்தபோது எவ்வளவு குளிர்ந்திருக்கும்? அது இன்னும் குளிர்ந்தே கிடந்தால்? அதனால்தான் எழவில்லையோ? தூங்குகிறது என்பதற்கும் செத்துக்கிடக்கிறது என்பதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் என்ன வித்தியாசம்? போர்வைக்கு அடியில் கையை விட்டு, கட்டின் ஓரமாக அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. அவளுடைய சூடுதானா, அதனுடையதா? காலையில் ஸ்கேன் கருவியை அங்கே வைத்து அழுத்தியபோது புஸ் புஸ் என்று ஒரு சத்தம் அறையெல்லாம் கேட்டது. "பாருங்க, ரத்தம் நல்லாப் போகுது, உயிரோடதான் இருக்குது" என்றார் டாக்டர். அந்தச் சத்தத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளப் பார்த்தாள். வரவில்லை. ஏ.சி.யின் சத்தம்தான் வந்தது. கை இலேசாக நடுங்கியது. புது மருந்துக்கு நடுக்கம் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். நடுங்குகிற கையில் நூலைப் பிடித்தால் புருவம் என்ன ஆகும்? வேண்டாம், அதையும் இப்போது நினைக்க வேண்டாம். அந்த ஆளுக்கு, இல்லை அந்தப் பெண்ணுக்கு, கிட்னி இரண்டு. ஒன்று இங்கே. இன்னொன்று வேறெங்கோ, வேறு யாருக்கோ, இதே மாதிரி ஒரு அறையில். பிறந்ததிலிருந்து முதுகெலும்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒன்றாக இருந்தவை. அது அங்கே எழுந்துவிட்டதா? அது எழுந்திருந்தால் இது ஏன் எழவில்லை? அவளுக்குள் வந்ததாலா? இந்த உடம்பு அதற்கும் பிடிக்கவில்லையா?

தலையை நேராக வைத்தால் எதிரே கண்ணாடி. கதவில் பதித்த பெரிய கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் வராந்தா, அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் கனகராசு. மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறான். உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு போன் இருந்தது, உள்ளே ஒன்று வெளியே ஒன்று, பேசிக்கொள்ளலாம். இதுவரை அடிக்கவில்லை. இறந்தவர்களுடையது கிடைத்தால் சொல்லுங்கள் என்று பெயர் பதிந்து வைத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது அவள் ஒரு கல்யாணப்பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்று முடிந்திருந்தது. "கிட்னி வந்திருக்கு, ஒண்ணும் சாப்பிடாம உடனே கிளம்புங்க" என்றார்கள். சரிங்க என்று சொல்லிவிட்டு இன்னொரு புருவத்தையும் எடுத்து முடித்தாள். பாதியில் எப்படி விடுவது? கை கொஞ்சம்கூட ஆடவில்லை. கடைசியில் கேட்ட கேள்விதான் காதில் நின்றது. "கூட யாரும்மா வருவாங்க? கையெழுத்துப் போடச் சொந்தத்துல ஒருத்தர் வேணும்." போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளினாள். கஸ்டமர், கஸ்டமர், சோப்புக் கம்பெனி, டயாலிசிஸ், கஸ்டமர். அப்பா அம்மா நம்பர்கள் இன்னும் அழிக்காமல் கிடந்தன. கடைசியில் அவனுக்குத்தான் போட்டாள். ஒரே மணியில் எடுத்தான். "ராசு, ஆஸ்பத்திரிக்கு வரோணும்." "வர்றனுங்கக்கா." என்ன ஏது என்று கேட்கவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கோயம்புத்தூர் போய்ச் சேருகிறவரை காரில் முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். இருமினான். போட வேண்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். இன்று காலையில் டாக்டர் வெளியே போய் அவனிடம் நின்று பேசியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சத்தம் கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும், ஏனென்றால் உள்ளே அவளிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். உயிரோட இருக்கறவங்க குடுத்த கிட்னின்னா டேபிள்லயே வேலை செய்ய ஆரம்பிச்சிரும், ரத்தம் விட்டதும் நம்ம கண்ணு முன்னாடியே சொட்டும், இறந்தவங்களோடதுன்னா ஐஸ்ல இருந்து வந்த களைப்பு, சில நாள் தூங்கும், இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா மறுபடி டயாலிசிஸ் போட்டுக்கிட்டே காத்திருப்போம். எத்தனையோ பேரைப் பார்க்கிறவர், கொடுப்பதாக இருந்த தம்பி இவன்தான் என்பது அவருக்கு ஞாபகமில்லை. சொல்லிவிட்டு அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார். கனகராசு அப்படியே நின்றான். தலை மெதுவாகத் தாழ்ந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டும், நன்றாக வேண்டும் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. உன்னுடையது என்றால் டேபிளிலேயே சொட்டியிருக்கும்டா. கேட்டாயா? கேட்டுக்கொண்டாயா? அந்தக் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனால் அதை நிறுத்தவும் மனசில்லை. வலிக்கிற பல்லை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல அந்த வாக்கியத்துக்கே திரும்பத் திரும்பப் போனாள். டேபிளிலேயே சொட்டியிருக்கும். அவன் ஒரு நாள் வந்து மன்னிச்சிருக்கா என்று சொல்வான், அப்போது சொல்ல ஒரு பதிலை இரண்டு வருஷமாகத் தீட்டித் தீட்டி வைத்திருக்கிறாள். முதலில் நீளமாக இருந்தது. பச்சைப் பட்டு, ஃபேன் எல்லாம் அதில் வந்தன. பிறகு குறைத்துக் குறைத்து இப்போது ஒரே வரி. "நீ குடுக்காதது பரவால்லடா, என்னைய உக்கார வெச்சுட்டுப் போயிட்ட பாத்தியா." அவ்வளவுதான். இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியாது. போனை எடு, கேள், சொல்கிறேன். அவன் எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண் செருகியது. தூக்கமில்லை, மருந்து. ஏதோ ஒரு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். பிறகு ஏ.சி. சத்தம். பிறகு அடிவயிற்றுக்குள் ஒரு கனம், அமுக்குகிற மாதிரி, வலி என்று சொல்ல முடியாது, வேறு என்னவோ, எங்கேயோ அனுபவித்தது. பஸ் ஸ்டாண்ட். கனவா? கண்ணைத் திறந்தாள். அறை அப்படியே இருந்தது, கண்ணாடி, நாற்காலி, அவன். கனம் போகவில்லை. கழுத்தைத் திருப்பினாள். குழாயின் வளைவில் நின்றிருந்த சொட்டைக் காணவில்லை. எங்கே போயிற்று? பைக்குள் பார்த்தாள். மடிப்பில் ஒரு ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய்க்குள் மேலிருந்து ஒரு இளஞ்சிவப்புக் கோடு இறங்கி வந்தது. வளைவில் தயங்கியது. பின்னால் இன்னொன்று வந்து அதைத் தள்ளியது. இரண்டும் சேர்ந்து விழுந்தன. அவள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. இன்னொன்று வரட்டும், அப்புறம் கூப்பிடலாம். வந்தது. இன்னும் ஒன்று. இது நிஜம்தானா என்று கேட்க அந்த அறையில் அவளைத் தவிர யாருமில்லை என்பதுபோல, லிஜி அந்தப் பக்கம் திரும்பி மருந்துக்குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சநேரம் அவளும் அதுவும் மட்டும் இருந்தார்கள். யாரோ ஒருவருடைய வேலையை, அவர் விட்டுவிட்டுப் போன இடத்திலிருந்து, அது எடுத்துச் செய்ய ஆரம்பித்திருந்தது. அந்த வீட்டில் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? வந்தவர்கள் எல்லாம் கிளம்பியிருப்பார்கள். வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றியிருப்பார்கள். அவர்களிடம் போய்ச் சொல்ல முடியாது. யாரென்றே தெரியாது. "சிஸ்டர்" என்றாள். "சிஸ்டர், வருது."

லிஜி வந்து குனிந்து பார்த்தாள். "ஏசுவே!" என்று கத்திவிட்டு வெளியே எட்டி யாரையோ கூப்பிட்டாள். அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு நர்ஸ்கள் ஓடி வந்தார்கள், பின்னாலேயே ஒரு இளம் டாக்டர், ஒருத்தி பையைத் தூக்கினாள், ஒருத்தி ரத்த அழுத்தம் பார்த்தாள், யாரோ பத்மநாபன் சாருக்குப் போன் போட்டார்கள், கட்டிலைச் சுற்றி ஒரே நீலத் துணியாகிவிட்டது. அவர்கள் முதுகுகளுக்கு நடுவே கிடைத்த சின்ன இடைவெளியில் சாந்தாமணிக்குக் கண்ணாடி தெரிந்தது. கனகராசு எழுந்து நின்றிருந்தான். அவனுக்கு ஓட்டம்தான் தெரிந்திருக்கும். கட்டிலைச் சுற்றிக் கூட்டம், நடுவில் அக்காள் இருப்பதே தெரியாது. கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து இங்கேயும் அங்கேயும் நகர்ந்து எட்டிப்பார்த்தான். வாய் அசைந்தது. பிறகு அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். ஒன்று, இன்னொன்று. அவளுக்குப் புரிந்தது. நான் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டான்.

"ராசு" என்றாள். நர்ஸ்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சத்தத்தில் அது அமுங்கிப்போயிற்று. "டேய் ராசு!" வயிறு சுருக்கென்று இழுத்தது. கண்ணாடியைத் தாண்டி எப்படிக் கேட்கும்? "சிஸ்டர், தள்ளுங்க, அவனுக்குக் காட்டுங்க, அங்க பாருங்க, அவன் வேற நினைச்சுட்டான், காட்டுங்க அவனுக்கு." லிஜி திரும்பிப் பார்த்தாள். அளக்கும் ஜாடியில் பையிலிருந்து கொஞ்சம் இறக்கியிருந்தார்கள், அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கண்ணாடிக்குப் போய், விரலால் தட்டி, அவன் நிமிர்ந்ததும் உயர்த்திக் காட்டினாள். அடியில் இரண்டு விரல்கடை இளஞ்சிவப்புத் தண்ணீர். அவன் அதைப் பார்த்தான். லிஜியைப் பார்த்தான். மறுபடி அதைப் பார்த்தான். என்னவென்று புரிய அவனுக்கு நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து நின்று, கோயிலில் தீபாராதனைக்கு நிற்பதுபோல ஜாடியைப் பார்த்துக் கைகூப்பினான்.

கூட்டம் கலைந்தது. பத்மநாபன் வந்து பார்த்து, டயாலிசிஸ் இன்றைக்கு வேண்டாம், ராத்திரி வரைக்கும் எவ்வளவு வருகிறது என்று பார்க்கலாம், இதுதான் ஆரம்பம், ஏறும் இறங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். சுவரில் போன் அடித்தது. லிஜி எடுத்து, ஒயரை இழுத்துக்கொண்டு வந்து அவள் காதில் வைத்தாள்.

"அக்கா." இருமினான்.

"சொல்லு."

"நான் என்னமோன்னு…" மூச்சு மட்டும் கேட்டது. இப்போது சொல்வான். அவள் தயாரானாள். அந்த ஒரு வரி நாக்கு நுனிக்கு வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் அது வந்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பிறகு கேட்டான், "மத்தியானம் என்னக்கா குடுத்தாங்க சாப்பட்றதுக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் பிடுங்கியது, பல்லைக் கடித்து அடக்கினாள். "ரசஞ்சோறு. உப்பே இல்ல."

"உப்பு ஆகாதில்லக்கா."

"ஆகாது. நீ சாப்டியா?"

"ம்" என்றான். பொய். மூன்று நாளாக அந்த நாற்காலியில் டீ டம்ளரைத் தவிர வேறு எதையும் அவள் பார்க்கவில்லை. லிஜிக்குக் கை வலித்திருக்க வேண்டும், மாற்றிப் பிடித்தாள். "சரிக்கா, வெச்சர்றன்" என்று வைத்துவிட்டான்.

கேட்கமாட்டான். அது இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவே வராது. வராந்தாவில் நாள் கணக்காக உட்கார்ந்திருப்பான், தலையில் அடித்துக்கொள்வான், மூத்திரத்தைக் கும்பிடுவான், அதை மட்டும் கேட்கமாட்டான். அப்படியானால் அந்த வரியை என்ன செய்வது? இத்தனை நாளாக ராத்திரி படுத்தால் கூடவே வந்து படுத்துக்கொண்ட வரி. டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணிநேரமும் துணைக்கு இருந்தது. தனியாக இருந்த வீட்டில் அவளோடு பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். இப்போது சொல்லிப் பார்த்தாள், மனதுக்குள். கூர்மையாகத்தான் இருந்தது. ஆனால் யாரைப் பார்த்துச் சொல்வது? தரையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டவனைப் பார்த்தா? அதைச் சொல்ல வேண்டிய அந்த இன்னொரு கனகராசு, போனை அணைத்துவிட்டு இருமிக்கொண்டிருந்தவன், எங்கே போனான் என்று தெரியவில்லை. மன்னித்துவிட்டேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை என்றுதான் பட்டது. கோபம் இருந்த இடம் அப்படியே இருந்தது, கோபம்தான் பிடி கொடுக்கவில்லை. அதனால் மனசு இலேசாகிவிடவில்லை. சாமானைக் காலி பண்ணின வீடுபோல இருந்தது. தோள்பட்டை மறுபடி கடுக்க ஆரம்பித்தது.

வெளியே வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. லிஜி கைப்பையை எடுத்துக்கொண்டு, "நல்லா வரட்டும், நாளைக்குப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சாயங்கால வேளைக்கு வேறு ஒரு நர்ஸ் வந்தாள், மெல்லிய புருவம், புதுசு. பையை அளந்தாள், எழுதினாள், ஊசிக்குழாயில் மருந்து ஏற்றினாள். கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். கனகராசு நாற்காலியில் உட்காராமல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து நின்றிருந்தான். கண் மூடியிருந்தது. நின்றுகொண்டே தூங்குகிறான்போல.

"வெளிய நிக்கறது யாரும்மா? உங்களுக்கு என்ன வேணும்?"

சாந்தாமணி கண்ணாடியில் சாய்ந்திருந்த அந்த நெற்றியைப் பார்த்தாள்.

"தம்பி" என்றாள். "கூடப் பொறந்தவன். சாப்பிடாம நிக்கறான், வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

நர்ஸ் போன் இருந்த சுவர்ப்பக்கம் நடந்தாள். எடுத்து எண்ணை அமுக்கப் போனாள்.

"இல்ல சிஸ்டர்" என்றாள் சாந்தாமணி. "அவன் அங்கயே இருக்கட்டும்."